கை நனைக்காத அத்தை

எடப்புளி நாட்டில் முதல் ஓட்டு வீடு நான் கட்டியது. எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தது ஒரு நாடு. மலைக்கு ஓடு ஏறாது, ஏறினாலும் முதல் காற்றுக்கு நிற்காது என்றார்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகவே ஏற்றினேன். ஒரு நடைக்கு இருபது ஓடு. வழுக்கி உடைந்தது போக மீதி வீடு சேரும். அந்தக் கூரை இன்றைக்கும் ஒழுகவில்லை. ஊற்றுக்கு இறங்குகிற சரிவில் இருக்கிற கற்படிகள் என் கடப்பாரை வெட்டியவை. உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் மலை இறங்கி ஏறிக்கொண்டிருந்த ஊருக்கு நடுவில் கடை வைத்தவன் நான். பாறையும் முள்ளுமாய்க் கிடந்த இடத்தில் மூன்று வருஷம் கல் பொறுக்கி வயலாக்கினேன். பலா மரத்துக்கெல்லாம் மிளகுக்கொடி ஏற்றிவிட்டேன். பள்ளிக்கூடக் கொட்டகைக்கு முதல் மரம் சாய்த்ததும் நான்தான். நான் அந்த வாசலை மாணவனாக மிதித்ததில்லை. எழுத்து எனக்கு முப்பது வயசுக்கு மேல் வந்தது. கடைச் சரக்கு சுற்றி வந்த காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். பேரன் பிழை மட்டும் திருத்துவான்.

அதே மலையின் பைல் நாட்டிலிருந்து இடுப்பில் ஒரு துண்டும் கையில் ஓர் அரிவாளுமாக வந்தவன் இத்தனையும் செய்தேன். ஆனால் ஊர் என்னை எதற்கு நினைவில் வைத்திருக்கிறது? மாமியாரைத் தன் வீட்டில் கை நனைக்க வைக்க முடியாதவன் என்று. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு பயல் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தான். அவனுக்கு வயசு இருபது இருக்காது. அத்தையைக் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கை நனைப்பது எங்கள் பக்கம் சாப்பாட்டு விஷயம் மட்டுமல்ல. ஒரு வீட்டில் கை நனைத்தால் அந்த வீட்டை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பெண் பார்க்கப் போகிறவர்கள் மனசு ஒப்பவில்லை என்றால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவார்கள். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் அத்தை, அதாவது என் மனைவியின் தாயார், எனக்குப் பெண் கொடுத்தும் ஐந்து வருஷம் என் வீட்டில் கை நனைக்கவில்லை.

வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை வருவார். இரண்டு மேடு தாண்டி, வெயில் ஏறும் முன்பே வாசலில் நிற்பார். உயரமான மனுஷி. முதுகு வளையாது. இடது தோளில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும், அதில் அவர் வீட்டுத் தண்ணீர். வந்ததும் களை எடுப்பார், மாட்டுக்கொட்டகையைக் கூட்டுவார், மகளுக்குத் தலை வாரிவிடுவார். சோறு இறக்குகிற நேரம் பார்த்துக் குடுக்கையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வார்.

"ஒரு வா உண்டுட்டுப் போங்க அத்தை" என்பேன்.

"வயிறு நெறஞ்சுதானுங்க வந்தேன் மாப்புளே" என்பார்.

அவர் வயிறு கத்துவது எனக்கே கேட்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது.

ஒரு தடவை என் வீட்டிலேயே காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். மகள் கஞ்சி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். அது ஆறி ஏடு கட்டியது. கொஞ்சம் தெம்பு வந்ததும் எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு இரண்டு மேடும் தாண்டி வீட்டுக்குப் போய், தானே அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்துக் குடித்தார். நான் பத்தடி பின்னால் நடந்துபோய் வீடு சேர்த்துவிட்டு வந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வழியில் மேடு வந்த இடத்திலெல்லாம், "பாத்து வாங்க மாப்புளே, கல்லு வழுக்குது" என்று மட்டும் சொன்னார்.

பேரப்பிள்ளை பிறந்தால் நனைப்பார் என்றார்கள். பெண் குழந்தை பிறந்தது. நனைக்கவில்லை. ஓட்டு வீடு கட்டிப் பால் காய்ச்சினேன். மூன்று நாட்டுச் சனமும் வந்து சாப்பிட்டது. அத்தை விடியலிலிருந்து அகப்பையும் கையுமாகப் பந்தி பந்தியாகப் பரிமாறினார். கடைசிப் பந்தி எழுந்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அவருடைய கொழுந்தனார், எனக்குச் சின்ன மாமனார், வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஓடு போட்டு என்னத்துக்கு ஆகுது? மாமியாளுக்கு ஒரு வா சோறு போடறதுக்கு யோகமில்ல."

சனம் சிரித்தது. நான் கொதித்தேன். நான் ஒண்ட வந்தவன், நாட்டுக்கு வெளி ஆள், அதனால்தான் இந்த அம்மாள் என்னை ஒப்பவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் மிளகு கை கொடுத்தது. சாமை அறுத்துப் போட்டாகிவிட்டது. கதிர் காய்ந்து அடிப்பதற்கு ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. என் வீட்டில்தானே நனைக்க மாட்டார்? சேலத்துக்குக் கூட்டிப் போவோம். ஓட்டல் யார் வீடும் இல்லை. அங்கே நான் வாங்கிக் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது. மலை ஏறி வந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லலாம்.

மனைவியிடம் துணிமணி வாங்கலாம் என்று சொன்னேன். அவள் அதுவரைக்கும் சேந்தமங்கலம் சந்தையைத் தாண்டியதில்லை. "அம்மாவும் வரட்டுமுங்க" என்று அவளே கேட்டாள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அத்தை வந்தார். குடுக்கையோடு வந்தார். வறுத்த தினைமாவும் வெல்லமும் ஒரு துணி மூட்டை, ஒரு சீப்பு மலைவாழை, மூங்கில் குழாயில் தேன். மூட்டையைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. இரண்டு நாளைக்கு வரும்.

இருட்டோடு மலை இறங்கிச் சேந்தமங்கலத்தில் பஸ் பிடித்தோம். நான்கு வயசு மகள் என் மடியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அத்தை குடுக்கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, சேலம் வரைக்கும் முன் சீட்டுக் கம்பியை விடவில்லை. இறங்கினதும் கேட்டார்: "இத்தன சனத்துக்கும் ஊத்து எங்கீங்க இருக்குது?"

முதல் நாள் கடைவீதி. நான் சேலத்தை அறிந்தவன். மிளகு மூட்டையோடு நாலைந்து தடவை வந்திருக்கிறேன். துணிக்கடைக்கு அழைத்துப் போய்ப் பாயில் உட்கார வைத்தேன். என் மனைவி முப்பது சேலையைப் பிரிக்க வைத்து, முதலில் பார்த்த சேலையையே எடுத்தாள். அத்தை ஒரு முந்தானையைக் கையில் வாங்கி, விரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டார்:

"இந்தச் சாயம் எங்க ஊட்டுக்கு வருமுங்களா? ஊத்துத் தண்ணியோட போயிருமுங்களா?"

"உங்க பேத்தி கட்டுற வரைக்கும் இருக்கும்மா" என்றார் கடைக்காரர்.

"அப்ப நீங்களும் அதுவரைக்கும் கடையில இருங்க. வந்து கேக்கோணுமில்ல."

கடைக்காரரே சிரித்துவிட்டார். நான் அந்தச் சேலையை அத்தைக்கு என்று எடுத்தேன். அவர் அதை மடித்து, மடிப்புக் கலையாமல் அடுக்கின் மேல் வைத்தார். "துணி நல்ல துணிங்க மாப்புளே. எனக்குத்தான் ரெண்டு இருக்குதுங்களே." பிறகு கடைவீதி முக்கில் நின்று தேனை விற்றார். அந்தக் காசில் தனக்கு ஒரு கொடுவாள் வாங்கிக்கொண்டார். சேலத்துக்கு வந்து கொடுவாள் வாங்கின பெண்பிள்ளை அவராகத்தான் இருக்கும். பேத்திக்குக் கண்ணாடி வளையலும் அவர் காசுதான்.

மத்தியானம் ஓட்டல். நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். அத்தை வெளிப்படியில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தார். நான் இலையில் விழுந்ததை எல்லாம் கோபத்தோடு தின்றேன். என்ன தின்றேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை.

ராத்தங்கல் சத்திரத்தில். காலையில் எழுந்து பார்த்தால் அத்தையின் மூட்டைத் துணி உதறிக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் தங்கியிருந்த ஒரு அம்மாளின் பிள்ளைகள் பசியில் அழுதார்களாம். மாவு, வெல்லம், பழம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். எனக்குள் ஒரு சந்தோஷம். இன்றைக்கு மாட்டினார் என்று நினைத்தேன். சின்னப் புத்திதான், மறைக்கவில்லை.

காலை ஓட்டலுக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார். படியில் உட்கார மூட்டை இல்லையே. பரிமாறுகிற ஆள் எங்கள் உடுப்பைப் பார்த்து ஓரத்துப் பெஞ்சைக் காட்டினான். நாலு இலை போட்டான். அத்தை தன் இலையை மடிக்கப் போனார்.

"வயிறு நெறஞ்சுதானுங்க இருக்குது" என்றார்.

ராத்திரியிலிருந்து அவர் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கும் முன்பு என் மனைவி வெடித்துவிட்டாள். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அஞ்சு வருசமா இதே பேச்சு! அவரு உன்ன என்னம்மா பண்ணாரு? ஊர்ச் சனம் அவரு மூஞ்சிக்கு நேரா சிரிக்குது. நீ ஒப்பலீன்னா அன்னிக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமல்லோ?"

அத்தை மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஓட்டல் வாசலில் நின்று தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். திரும்பி உள்ளே வந்து ஒவ்வொரு பெஞ்சாக முகம் முகமாகப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க மாப்புளே, நம்ம மலையாளு யாராச்சும் இங்கிருக்கறாங்களா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க அத்தை."

உட்கார்ந்தார். மடித்த இலையை விரித்தார். தம்ளர் தண்ணீரில் வலது கை விரல்களை முக்கி, இலையில் தெளித்துத் துடைத்தார்.

"வெக்கச் சொல்லுங்க" என்றார்.

ஆறு இட்லி சாப்பிட்டார். வேகமாக இல்லை, ஒவ்வொன்றையும் பிட்டு, பார்த்து, சாப்பிட்டார். நாலாவது இட்லியில் பரிமாறுகிறவனை நிறுத்தி, "நீ உண்டியா சாமி?" என்று கேட்டார். அவனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கேட்காமலே சட்னி இன்னொரு கரண்டி ஊற்றினான். காப்பி வந்தது. ஒரு வாய் குடித்து, "யாருக்குங்க ஒடம்புக்கு ஆகல, கஷாயம் வெச்சிருக்கறாங்க?" என்றார். என் மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

கை கழுவி வந்து உட்கார்ந்து அத்தை சொன்னதுதான் விஷயம். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் கொடுக்க வேண்டும். தானியம், காசு இரண்டும். என்னிடம் ஒன்றுமில்லை. அத்தை ஒன்றும் கேட்காமல் பெண்ணைக் கொடுத்தார். மாமனார் அப்போதே இல்லை. பரிசம் இல்லாமல் கொடுத்ததும் சின்ன மாமனார் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "அண்ணன் பொண்டாட்டி கெட்டிக்காரி. மகளைச் சும்மா குடுத்துட்டு, சாகற மட்டும் மருமகன் ஊட்டுக் கஞ்சிக்கு வழி பண்ணிக்கிட்டா" என்றாராம்.

"நா ஒங்க ஊட்டுல ஒரு வா கஞ்சி குடிச்சா அந்தப் பேச்சு நெசமாப் போயிருமுங்க மாப்புளே" என்றார் அத்தை. "எனக்குன்னா பரவால்லீங்க. அது இவளுக்கு வந்து ஒட்டிக்கும். கஞ்சிக்கு வந்தவளுன்னு இவளச் சொல்லுவாங்க. கஞ்சிக்குப் பொண்ணு வாங்குனவன்னு ஒங்களச் சொல்லுவாங்க. ஒங்க ஊட்டுச் சோறு வேண்டாம்னு நா ஒரு நாளும் நெனச்சதில்லீங்க. ஒங்க அடுப்புல கொதிக்கற வாசம் ரெண்டாவது மேடு வரைக்கும் எம்பட கூடவே வரும்."

அத்தைக்கு என் வாயைத் தெரியும்.

"மலையில போயிச் சொல்லாதீங்க."

"அத்தை..."

"நா போன பொறவு சொல்லிக்கோங்க. எம்பட கொழுந்தனாரும் போகோணும். இவளும் போகோணும். இவ இருக்கற மட்டும் ஒட்டும்."

"என்ன எதுக்கும்மா இப்பவே அனுப்பற?" என்றாள் என் மனைவி.

"எல்லாரும் போன பொறவு நான் யாருகிட்டீங்க சொல்றது?" என்றேன்.

"நீங்க இருப்பீங்க மாப்புளே. சொல்லாம ஒங்க வாய் சாகாது."

சரி என்றேன். நான் அவருக்குக் கொடுத்த ஒரே பரிசம் அதுதான்.

மலை ஏறி நாலாம் நாள் சாமை அடிப்பு. களத்தில் பாதி ஊர் இருந்தது. அத்தை ஒரு பக்கம் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். சின்ன மாமனார் என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "சேலத்துல என்ன தின்ன கண்ணு?" என்று கேட்டார்.

குழந்தை சொன்னாள்: "அம்மாயி ஆறு இட்லி தின்னுச்சு."

முறம் நின்றது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் தடியை இறக்கினார்கள். சின்ன மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனப்பா மாப்புளே, நெசமா?"

ஐந்து வருஷமாக நான் எந்த வார்த்தைக்கு ஏங்கினேனோ, அதை என் மகள் களத்து நடுவில் போட்டுவிட்டாள். நான் ஆமாம் என்றால் போதும். அத்தை என்னைப் பார்க்கவில்லை, முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு எண்ணத் தெரியாதுங்க" என்றேன். "ஆறையும் தின்னது நானுங்க. அத்தை வெளிய படியில மூட்டையோட குந்தியிருந்தாங்க."

"இல்ல, அம்மாயிதான்" என்றாள் குழந்தை. "நான் எண்ணுனேன்."

"பொய் சொல்லக் கூடாது கண்ணு" என்றேன்.

அவள் உதடு பிதுங்கியது. களம் முழுக்கச் சிரிப்பு. "சேலம் போனானாமா சேலம்! அத்தன தொலவு கூட்டிட்டுப் போயும் ஒரு இட்லி எறங்கல பாரு" என்று சின்ன மாமனார் தொடையைத் தட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன். முறம் மறுபடி புடைக்க ஆரம்பித்தது. அன்றைக்குச் சாயங்காலம் அத்தை என் மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மேடும் நடந்து, தன் வீட்டில் வைத்து ஒரு வாரம் சோறு ஊட்டினார்.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல், சாமை காய்கிற வாரத்தில் வருவார். என் கடையில் உப்பு மூட்டைமேல் சாய்ந்து நின்றுகொண்டு, "மாப்புளே, உப்பு வாங்கச் சேலம் போகோணுமுங்களே" என்பார். போவோம். அதே ஓட்டல், அதே ஓரத்துப் பெஞ்சு. முதலில் தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பார். பிறகுதான் தம்ளரில் விரல் முக்குவார். துணிக்கடையில் சேலை மட்டும் கடைசி வரைக்கும் வாங்கிக்கொள்ளவில்லை; மலையில் உடுத்தினால் தெரிந்துவிடுமே. பிறகு உலகச் சண்டை வந்தது. பஸ்ஸைக் கரி போட்டு ஓட்டினார்கள், ஏற்றத்தில் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். அரிசிக்கு அளவு வந்தது. சேலம் போவது நின்றது.

வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின வருஷம் அத்தை போய்விட்டார். படுத்திருந்த நாட்களிலும் தன் வீட்டு அடுப்புக் கஞ்சிதான். என் மனைவி அங்கேயே போய்க் காய்ச்சிக் கொடுத்தாள். எடுத்த அன்று சின்ன மாமனார் ஊர் நடுவில் நின்று, "மருமகன் ஊட்டுல ஒரு பருக்கை தொடாத மானஸ்தி" என்று சொல்லி அழுதார். முன்பு கூட்டத்தில் என்ன சொன்னோம் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

சின்ன மாமனாரும் பிறகு போனார். போன மாசியில் என் மனைவியும் போய்விட்டாள். இனி யாருக்கும் ஒட்டாது.

ஆகவே கேட்கிறேன். இந்த நாட்டில் அத்தையின் மானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இனிமேல் முழுசாகப் பேச வேண்டும். அவர் மலையில் கை நனைக்காதது ஒரு மானம். சேலத்தில் நனைத்ததை இத்தனை வருஷம் நான் சொல்லாதது அதோடு சேர்ந்தது. ஊரில் என் வாயைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். ஓடு ஏற்றினதற்கும் படி வெட்டினதற்கும் என் பெயரைச் சொல்ல வேண்டாம், விட்டுத் தருகிறேன். இதற்குச் சொல்லுங்கள். என் மகளுக்கு இப்போது பேரன் இருக்கிறான். அவளிடமும் ஒருவர் போய்ச் சொல்லுங்கள், நான் சொன்னால் அழுதுவிடுவேன். அன்றைக்குக் களத்தில் பொய் சொன்னது அவளில்லை. கூட்டிப் போனவன் நான், வாங்கிக் கொடுத்தவன் நான், மறைத்தவனும் நான். சொல்லும்போது எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். ஆறு.